கார்-டி செல் சிகிச்சை: டாக்டர் கார்ல் ஜூனும் சில நியாயமான சந்தேகங்களும்

'ஒரே ஊசியில் ரத்தப் புற்றுநோய் குணம்' என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது தலைகாட்டும். கூடவே அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜூனின் பெயரும், எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியின் படமும் வரும். செய்தி பொய்யல்ல, அரைகுறை. அதைப் படித்தவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் நியாயமானவை. சில, செய்தியை எழுதியவர்களே கேட்டிருக்க வேண்டியவை. பாதிக் கேள்விகளுக்கு விடை, இந்த டாக்டர் நாற்பது வருடமாக எங்கெங்கே என்ன வேலை பார்த்தார் என்பதில் இருக்கிறது. அதனால் மருந்தையும் மனிதரையும் கலந்தே சொல்கிறேன்.

இது மருந்தா, ஆபரேஷனா, ரத்தம் ஏற்றுவதா?

ஆபரேஷன் இல்லை. மற்ற இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். வெள்ளை அணுக்களில் டி-செல் என்றொரு வகை உண்டு. கிருமி தொற்றிய செல்களைத் தேடிப் பிடித்துக் கொல்வது அதன் வேலை. புற்று செல் நம் உடம்பின் சொந்த செல்லிலிருந்தே கிளம்புவதால் டி-செல் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. எனவே நோயாளியின் டி-செல்களை வெளியே எடுத்து, புற்று செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தை அடையாளம் காணும் ஏற்பியை மரபணு வழியாக அவற்றில் பொருத்தி, ஆய்வகத்தில் பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். அந்த ஏற்பியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் 'கார்'.

நோயாளிக்கு இது எப்படி இருக்கும்? முதலில் மூன்று, நான்கு மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும். ஒரு குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். இயந்திரம் வெள்ளை அணுக்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஆய்வக வேலைக்குச் சில வாரங்கள். அதன் பிறகு சில நாள் கீமோ. கடைசியில் உறைநிலையிலிருந்து உருக்கிய ஒரு சிறிய பை. அரை மணிக்குள் ஏறிவிடும். செல்களை உறையவைக்கச் சேர்த்த ரசாயனத்தால் அறையில் பூண்டு வாடை அடிக்கும், நோயாளியின் வாயிலும் அதே ருசி. வாட்ஸ்அப் சொல்லும் 'ஒரே ஊசி' அந்த அரை மணி நேரம்தான்.

இதைக் கண்டுபிடித்தது கார்ல் ஜூன்தானே?

இல்லை. இதை அவரே ஒப்புக்கொள்வார். இப்படி ஓர் ஏற்பியை டி-செல்லில் பொருத்தலாம் என்று 1980-களின் கடைசியில் காட்டியவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தைச் சேர்ந்த ஸெலிக் எஷார். ஜப்பானில் யோஷிஹிஸா குவானாவின் குழு அதே யோசனையை 1987-லேயே எழுதியிருந்தது. ஆனால் அந்த முதல் ஏற்பிகளைத் தாங்கிய செல்கள் உடம்பில் சில நாளிலேயே ஓய்ந்துபோயின. செல்லை நீடிக்கவைக்கும் துணைச் சமிக்ஞை ஒன்றைச் சேர்த்து அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் நியூயார்க்கின் மிஷேல் சாடலைன், மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் இருந்த டாரியோ கம்பானா போன்றவர்கள். ஜூன் பயன்படுத்திய ஏற்பியின் வடிவம் கம்பானாவிடமிருந்து வந்தது. அது யாருடைய சொத்து என்று செயின்ட் ஜூடும் பென்சில்வேனியாவும் கோர்ட்டுக்குப் போய், 2015-ல்தான் சமரசம் ஆனார்கள். இந்த வகை செல்லால் நிணநீர்ப் புற்று சுருங்கியதை முதலில் வெளியிட்டதும் ஜூன் இல்லை. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க்குடன் வேலை பார்த்த குழு.

அப்படியானால் ஜூன் என்ன செய்தார்? செல்களைக் கோடிக்கணக்கில், நோயாளிக்கு ஏற்றும் தரத்தில் வளர்க்கும் வழியைக் கண்டார். அதை வார்டுவரை கொண்டுவந்து சேர்த்தார். யோசனைக்குக் கிடைக்கும் கைதட்டல் இந்த மாதிரி வேலைக்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் நோயாளிகள் பிழைத்தது இந்த வேலையால்தான்.

கடற்படை டாக்டருக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில் என்ன வேலை?

1953-ல் பிறந்த ஜூனுக்கு ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. வியட்நாம் போருக்கு இளைஞர்களைக் குலுக்கல் போட்டு எடுத்துக்கொண்டிருந்த காலம். அவருக்கு விழுந்ததோ சீக்கிரமே அழைப்பு வரக்கூடிய எண். அதற்குக் கடற்படையே மேல் என்று அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1975-ல் படிப்பை முடித்தபோது போரே முடிந்துவிட்டது. பிறகு ஹூஸ்டனில் மருத்துவம் படித்து 1979-ல் டாக்டரானார். நடுவில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தில் மலேரியா ஆராய்ச்சி.

அடுத்த திருப்பம் பனிப்போரால் வந்தது. அணுகுண்டு வெடித்தால் கதிர்வீச்சில் எலும்பு மஜ்ஜை அழிந்துபோகும் வீரர்களுக்கு வைத்தியம் பார்க்க மஜ்ஜை மாற்று தெரிந்த டாக்டர்கள் வேண்டும் என்று கடற்படை நினைத்தது. 1983-ல் ஜூன் சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்துக்குப் போனார். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டானல் தாமஸ் அங்கே இருந்தார். கொடையாளரின் மஜ்ஜையோடு வரும் டி-செல்கள் நோயாளியின் மிச்சமிருக்கும் ரத்தப் புற்றையும் சேர்த்துத் தின்றுவிடுவதை அந்த வார்டுகளில் கண்ணால் பார்க்க முடிந்தது. டி-செல்லுக்குப் புற்றைக் கொல்லும் சக்தி உண்டு, சரியான இடத்தைக் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை அங்கே உண்டானதுதான்.

ஆனால் கடற்படை ஆய்வகத்தில் புற்றுநோய்க்குப் பணம் கிடையாது. போர்க்காயமும் தொற்றுநோயும்தான் அவர்கள் கவலை. ஆகவே பெதெஸ்டா ஆய்வகத்தில் அவர் எடுத்துக்கொண்ட நோய் எச்.ஐ.வி. புரூஸ் லெவைனும் அவரும் அங்கே ஒரு முறையை உருவாக்கினார்கள். மிகச் சிறிய காந்த மணிகள். அவற்றின் மேல் டி-செல்லை உசுப்பிவிடும் இரண்டு வகை எதிர்ப்பொருள்கள். இந்த மணிகளோடு சேர்த்து வைத்தால் டி-செல்கள் மளமளவென்று பெருகும். வேலை முடிந்ததும் காந்தத்தால் மணிகளை உருவி எடுத்துவிடலாம். எச்.ஐ.வி. நோயாளிகளின் செல்களை இப்படி வளர்த்தபோது அவை அந்த வைரஸுக்கு எளிதில் இடம்கொடுக்காதவையாக மாறியிருந்தன. அது யாரும் எதிர்பார்க்காதது. இன்று உலகெங்கும் பல ஆய்வகங்களில் கார்-டி செல் வளர்ப்பது இந்த மணிகளின் வாரிசுகளோடுதான்.

1996-ல் அவர் மனைவி சிந்தியாவுக்குக் கருப்பைக்கு அருகிலுள்ள சூலகத்தில் புற்றுநோய் தெரியவந்தது. 1999-ல் ஜூன் கடற்படையை விட்டுப் பென்சில்வேனியா வந்தார். 2001-ல் சிந்தியா இறந்தார்; மூன்று பிள்ளைகள். மனைவியைப் பறிகொடுத்தவர் சபதம் போட்டு மருந்து கண்டுபிடித்தார் என்று சினிமாக் கதை போலச் சிலர் எழுதுகிறார்கள். அந்த மரணம் அவரை உலுக்கியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே பதினைந்து வருடம் டி-செல்லோடு மல்லுக்கட்டியவர் அவர். அந்தப் பதினைந்து வருடம் இல்லாமல் சபதம் மட்டும் ஒன்றும் செய்திருக்காது.

எய்ட்ஸ் வைரஸையா உடம்பில் ஏற்றுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்று பதில் சொல்லி மழுப்புகிறவர்கள் உண்டு. நேர்மையான பதில் இது: செல்லுக்குள் புதிய மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம் பல தயாரிப்புகளில் எச்.ஐ.வி.யிலிருந்து செய்யப்பட்டதுதான். டி-செல்லுக்குள் நுழைவதில் அந்த வைரஸை மிஞ்ச ஆளில்லை. பெருகுவதற்கும் நோய் உண்டாக்குவதற்கும் வேண்டிய மரபணுக்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஏற்பியின் மரபணுவை வைக்கிறார்கள். அது ஒருமுறை உள்ளே போகும், சரக்கை இறக்கும், அவ்வளவுதான். மறுபடி பெருக வழியில்லை. எய்ட்ஸ் வராது.

இதை முதலில் மனிதரில் சோதித்ததும் பென்சில்வேனியா குழுதான், எச்.ஐ.வி. உள்ள ஐந்து பேருக்கு அப்படி மாற்றிய செல்களை ஏற்றி, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வேறு வகை வைரஸால் கார் பொருத்திய டி-செல்களை 1990-களிலேயே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஏற்றியிருந்தார்கள். அவை எச்.ஐ.வி.யை ஒழிக்கவில்லை, அந்த வகையில் தோல்வி. ஆனால் 43 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், செல்கள் பத்து வருடத்துக்கு மேலும் உடம்பில் தங்கியிருந்தன, அவற்றால் புற்று எதுவும் உண்டாகவில்லை என்று தெரிந்தது. தோற்ற அந்தச் சோதனைதான் பிறகு ரத்தப் புற்று நோயாளிகளிடம் போகத் தைரியம் கொடுத்தது.

மூன்றே பேரிடம் பரிசோதித்துவிட்டு உலகச் செய்தி ஆக்கினார்களாமே?

ஆமாம், மூன்றே பேர். காரணம் விஞ்ஞானம் இல்லை, பணம். அரசு மானியத்துக்கு எழுதிய விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. பார்பரா, எட்வர்ட் நெட்டர் தம்பதி தொடங்கிய ஒரு சிறிய அறக்கட்டளை கொடுத்த சுமார் 10 லட்சம் டாலரை நம்பித்தான் சோதனையை ஆரம்பித்தார்கள். மூன்று பேரோடு பணம் தீர்ந்தது.

முதல் ஆள் பில் லுட்விக், நியூஜெர்சியில் சிறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக நாள்பட்ட ரத்தப் புற்று, கீமோ பலனளிக்கவில்லை. 2010 கோடையில் செல்கள் ஏற்றினார்கள். சில நாள் கழித்துக் கடுமையான ஜுரம், குளிர் நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு. ஏதோ தொற்று என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்கள். ஜுரம் வந்த மாதிரியே போய்விட்டது. ஒரு மாதம் கழித்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் புற்று செல் ஒன்றைக்கூடக் காணோம். சாம்பிள் மாறியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. இரண்டாவது ஆள் டக் ஓல்சனுக்கும் அப்படியே. மூன்றாமவருக்குப் பாதிப் பலன். உள்ளே போன ஒவ்வொரு செல்லும் அதன் வழித்தோன்றல்களும் சேர்ந்து ஆயிரம் புற்று செல்லாவது கொன்றிருக்கும் என்று 2011 ஆகஸ்டில் வெளியான கட்டுரைகளில் கணக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் நோவார்டிஸ் நிறுவனம் ஒப்பந்தத்தோடு வந்தது.

மூன்று பேரை வைத்து ஒரு மருந்து வேலை செய்கிறது என்று யாரும் நிரூபிக்க முடியாது. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. நிரூபணம் பிறகு வந்தது: பதினோரு நாடுகளில் 75 குழந்தைகளையும் இளைஞர்களையும் வைத்து நடந்த சோதனையில் 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் நோய் மறைந்தது. 2017 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு கிம்ரியா என்ற பெயரில் இதை அனுமதித்தது. மரபணு மாற்றிய செல்லை மருந்தாக அந்த நாடு ஏற்றது அதுவே முதல் தடவை.

எமிலி பிழைத்தது அதிர்ஷ்டத்தால்தானே?

ஓரளவுக்கு ஆம். அந்த அதிர்ஷ்டம் எப்படிப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து வயதில் ரத்தப் புற்று கண்டுபிடிக்கப்பட்டு, கீமோவுக்குப் பிறகு இரண்டு முறை நோய் திரும்பிய குழந்தை. 2012 ஏப்ரலில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் செல்கள் ஏற்றப்பட்டன. இந்தச் சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை அவள்தான். சில நாளில் ஐசியு, வென்டிலேட்டர், 105 டிகிரி தாண்டிய ஜுரம். ஸ்டீராய்டு கொடுத்தும் கேட்கவில்லை. குழந்தை இறக்கப்போகிறது, சோதனையும் இதோடு முடிந்தது என்று பல்கலைக்கழகத் தலைமைக்கு ஒரு மின்னஞ்சலை எழுதி வைத்ததாகவும், ஆனால் அனுப்பவில்லை என்றும் ஜூனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சிகிச்சை அளித்த ஸ்டீபன் கிரப் ரத்தத்தில் அழற்சிப் புரதங்களின் அளவை அவசரமாகப் பரிசோதிக்கச் சொன்னார். இன்டர்லூகின்-6 என்ற புரதம் இயல்பைப் போல ஆயிரம் மடங்கு இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஜூனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அவருடைய மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். அதே புரதத்தைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து புதிதாக வந்திருப்பதை மகளுக்காக அவர் கவனித்துவந்தார். மூட்டுவாத நோயாளிகளுக்காக மருத்துவமனையில் அது கையிருப்பும் இருந்தது. புற்றுநோய் சிகிச்சையில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஜுரம் இறங்க ஆரம்பித்தது. எமிலி கண் விழித்தது அவளுடைய ஏழாவது பிறந்தநாளில். அடுத்த வாரம் மஜ்ஜையில் புற்று இல்லை. இன்று அவர் கல்லூரி வயதுப் பெண்.

ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்தது தற்செயல். ஆனால் தற்செயலைப் பயன்படுத்திக்கொள்ள, ஆய்வகத்தில் அந்தப் புரதத்தைத் தெரிந்திருந்து, வார்டில் அந்த மருந்தையும் தெரிந்திருந்த ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டியிருந்தது. கிம்ரியாவை அனுமதித்த அதே நாளில் டோசிலிசுமாப்பையும் இந்தப் பக்கவிளைவுக்கு மருந்தாக அனுமதித்தார்கள்.

எமிலியின் படத்தோடு வராத இன்னொரு தகவலும் உண்டு. 2013-ல் வெளியான முதல் கட்டுரையில் இருந்தது இரண்டு குழந்தைகள். அடுத்த குழந்தைக்கும் நோய் முதலில் மறைந்தது. இரண்டு மாதத்தில் திரும்பியது. திரும்பிய புற்று செல்களில் கார்-டி செல்கள் தேடும் புரதமே இல்லை.

பக்கவிளைவு என்றால் வெறும் ஜுரம்தானா?

ஜுரத்தைச் சமாளிக்க இன்று வழி தெரியும். மூளையைப் பாதிக்கும் விளைவு வேறு ரகம். அதனால்தான் செல் ஏற்றிய பிறகு நர்ஸ் தினமும் வந்து, இது எந்த ஊர், என்ன வருடம், நூறிலிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணுங்கள் என்று கேட்பார். ஒரு தாளைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். நேற்று ஒழுங்காக எழுதியவரின் எழுத்து இன்று கோணிப்போய்க் கிறுக்கலாக இருந்தால், நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும், எல்லோருக்கும் அல்ல.

இன்னொன்று நீண்டகால விளைவு. இந்த செல்கள் தேடுவது சிடி19 என்ற புரதத்தை. அது புற்றில் மட்டுமல்ல, நல்ல பி-செல்களிலும் உண்டு. எனவே இரண்டும் சேர்ந்தே அழியும். பி-செல் இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் குறையும், தொற்று சீக்கிரம் பிடிக்கும். சிலர் மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்கிறார்கள். பில் லுட்விக் 2021-ல் இறந்தது ரத்தப் புற்றால் அல்ல, கோவிட்டால்.

குணமாகிவிட்டது என்று சொல்லலாமா?

சிலருக்குச் சொல்லலாம். 2022-ல் 'நேச்சர்' இதழில் ஜூனின் குழு லுட்விக், ஓல்சன் இருவரின் பத்து வருடக் கதையை வெளியிட்டது. அந்த செல்கள் அப்போதும் உயிரோடு இருந்தன, புற்று இல்லை. ஆனால் குழந்தைகள் சோதனையில் ஒரு வருடம் முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது அல்லது வேறு சிக்கல் வந்தது. ஒரு இருபது வயது இளைஞரின் விஷயத்தில் நடந்தது இன்னும் விசித்திரம்: தயாரிப்பின்போது தப்பித் தவறிக் கலந்திருந்த ஒரே ஒரு புற்று செல்லுக்குள் ஏற்பியின் மரபணு போய்விட்டது. அந்த ஏற்பி செல்லின் சொந்தப் புரதத்தையே மறைத்துவிட, டி-செல்கள் கண்ணில் அது படவே இல்லை. அதிலிருந்து நோய் மீண்டும் கிளைத்து அவர் இறந்தார். 2018-ல் இதை வெளியே சொன்னதும் பென்சில்வேனியா குழுவேதான்.

சிகிச்சையே புதிய புற்றை உண்டாக்குமா?

அபூர்வமாக, சாத்தியம் உண்டு. அமெரிக்காவில் 27,000-க்கும் மேற்பட்ட முறை கொடுத்த பிறகு, 2023 கடைசிவரை 22 பேருக்கு டி-செல் புற்று தெரியவந்தது. 2024 தொடக்கத்தில் எல்லாத் தயாரிப்புகளின் லேபிளிலும் இதை எச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னார்கள். வேறு மருந்து பலிக்காத ரத்தப் புற்று நோயாளிக்கு இந்த அபாயம் ஏற்கத்தக்கது. எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களுக்கும் இதையே கொடுத்துப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் கிடைத்த ஆரம்ப முடிவுகள் வியக்கவைக்கின்றன. அங்கே கணக்கை வேறு மாதிரி போட வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த நோயாளிகளுக்கு நாளையே சாவு வரப்போவதில்லை.

மார்பகம், நுரையீரல், வயிற்றுப் புற்றுக்கு இது கிடையாதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் ஏமாற்றம் தரும். பி-செல் இல்லாமல் மனிதர் வாழ முடியும். நுரையீரல் இல்லாமல் முடியாது. கட்டியில் மட்டும் இருந்து நல்ல உறுப்பில் இல்லாத புரதம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் கட்டிக்குள் டி-செல் நுழைந்து தாக்குப்பிடிப்பதும் கடினம். ஜூன் தொடங்கிய டிமுனிட்டி நிறுவனம் புராஸ்டேட் புற்றுக்கு நடத்திய சோதனையில் இரண்டு நோயாளிகள் மூளைப் பக்கவிளைவால் இறந்ததால் அதை நிறுத்த வேண்டியிருந்தது. மூளைக்கட்டிக்குப் பென்சில்வேனியாவில் நடந்த சோதனையில் முதல் ஆறு பேருக்கும் ஸ்கேனில் கட்டி சுருங்கியது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது நிலைக்கவில்லை. சீனாவில் இரைப்பைப் புற்றுக்கு நடந்த சோதனையின் முடிவு 2025-ல் வந்தது: வழக்கமான மருந்தில் நோய் 1.77 மாதம் கட்டுக்குள் இருந்தது, கார்-டி செல்லில் 3.25 மாதம். வழி திறந்திருக்கிறது. ஆனால் மார்பகப் புற்று உள்ள ஒருவர் நடந்துகொண்டிருக்கும் கீமோவை விட்டுவிட்டு இதற்காகக் காத்திருப்பது தற்கொலைக்குச் சமம்.

டாக்டரே கம்பெனி வைத்திருந்தால் அவர் பேச்சை எப்படி நம்புவது?

கேட்க வேண்டிய கேள்வி. ஜூன் காப்புரிமைதாரர், ராயல்டி உண்டு. டிமுனிட்டி போக, உடம்புக்குள்ளேயே கார்-டி செல் செய்ய முயலும் கேப்ஸ்டன் நிறுவனத்தின் நிறுவனர்களிலும் ஒருவர். அதை 2025-ல் ஆப்வீ நிறுவனம் 210 கோடி டாலர் வரை கொடுப்பதாகச் சொல்லி வாங்கியது. ஜூன் வந்து சேர்ந்த அதே 1999-ல், அதே பல்கலைக்கழகத்தில்தான் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் ஒரு மரபணு சிகிச்சைச் சோதனையில் இறந்தார். அந்தச் சோதனையை நடத்தியவருக்கு அதே துறையில் கம்பெனிப் பங்கு இருந்தது தெரிந்து நாடே கொதித்தது. பணம் வரக்கூடியவர் நோயாளி யார், எவ்வளவு டோஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்பது அந்தச் சாவு கற்றுக்கொடுத்தது. கார்-டி செல் சோதனைகளில் நோயாளிகளைப் பார்த்தது ஜூன் அல்ல, டாக்டர்கள் டேவிட் போர்ட்டரும் கிரப்பும். இது போதுமான தடுப்பா என்று கேட்டால், என் பதில்: பாதி தடுப்பு. மீதிப் பாதி, சம்பந்தமில்லாத வேறு ஆஸ்பத்திரிகளில் அதே முடிவு வந்ததுதான்.

இவ்வளவு விலை ஏன்? இந்தியாவில் கிடைக்குமா?

கிம்ரியாவின் தொடக்க விலை 4,75,000 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய். இது ரெடிமேட் சட்டை அல்ல, ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைப்பது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மாட்டிவிட முடியாது. ஒவ்வொரு பைக்கும் தனி வைரஸ் வாகனம், தனிப் பரிசோதனை, விமானத்தில் போய் வரும் செலவு. இருந்தாலும் அந்த விலை முழுக்கத் தையற்கூலிதான் என்று நம்ப முடியவில்லை. இந்தியாவில் அதே வகைச் சிகிச்சை எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்பதே இதற்குச் சாட்சி.

ஐஐடி பம்பாயில் ராகுல் புர்வாரின் ஆய்வகத்தில் உருவாகி, டாடா நினைவு மருத்துவமனையில் சோதிக்கப்பட்ட நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. மருந்து விலை சுமார் 30 முதல் 40 லட்சம் ரூபாய். ஐசியு, மற்ற செலவுகள் தனி. 2025-ல் 'லான்செட்' குழும இதழில் வெளியான சோதனையில் 73 சதவீதம் பேருக்குப் பலன். பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம் ஸ்பெயினிலிருந்து உரிமம் பெற்றுச் செய்த கார்டெமி 2025 ஜனவரியில் வந்தது. இரண்டும் பி-செல் வகைப் புற்றுக்கு மட்டும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேலூர் சி.எம்.சி.யின் முயற்சி. செல்களை வேறு ஊர் ஆலைக்கு அனுப்பாமல், மருத்துவமனைக்குள்ளேயே தானியங்கி இயந்திரத்தில் சுமார் ஒன்பது நாளில் தயாரித்து, உறையவைக்காமலே ஏற்றுகிறார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் பத்து நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 15 மாதம் கழித்து 80 சதவீதம் பேர் நோயின்றி இருந்ததாக 2025-ல் அறிவித்தார்கள். பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனால் விலை இறங்குவதானால் இந்த வழியாகத்தான் இறங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யார் கேட்டுப் பார்க்கலாம்?

பி-செல் ரத்தப் புற்று அல்லது நிணநீர்ப் புற்று வந்து, கீமோவுக்கு அடங்காதவர்கள், அடங்கித் திரும்பியவர்கள். நோய் உடம்பெல்லாம் பரவி, டி-செல்களும் கீமோவில் நைந்துபோன பிறகு கேட்பதைவிட, முதல் முறை நோய் திரும்பும்போதே ரத்தப் புற்று நிபுணரிடம் கேட்பது நல்லது. கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என் புற்றில் அந்தப் புரதம் இருக்கிறதா, இங்கே இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், செல்கள் தயாராகும்வரை நோயை எப்படிக் கட்டுக்குள் வைப்பீர்கள், ஐசியு உட்பட மொத்தச் செலவு எவ்வளவு.

பேப்பரில் விளம்பரம் வரும் ஸ்டெம் செல் கிளினிக்குகளும் இதைத்தானே செய்கின்றன?

இல்லை. புற்றுநோய், சர்க்கரை, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று சொல்கிற இடத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கார்-டி செல் சிகிச்சையை ஐசியு வசதியும் ரத்தப் புற்று நிபுணரும் உள்ள பெரிய மருத்துவமனைகள் மட்டுமே தர முடியும். அனுமதி பெற்ற தயாரிப்பின் பெயரையோ, பதிவு செய்யப்பட்ட மருத்துவச் சோதனையின் எண்ணையோ கேட்டால் உடனே காட்டுவார்கள்.